மட்டமும் வாட்டமும்: தெருவைத் தோண்டும் காலத்தில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஏற ஐந்து படி இருந்ததாக அம்மா சொல்வாள். எனக்கு நினைவு தெரிந்தபோது மூன்று. போன வருஷம் வரை இரண்டு. படியை யாரும் இடிக்கவில்லை. தெருதான் ஏறிக்கொண்டே வந்தது. ஜல்லி மேல் தார், தார் மேல் ஜல்லி, அதற்கும் மேல் சிமென்ட் என்று ஒவ்வொரு முறையும் நாலு விரல், ஐந்து விரல். ஓர் ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் திண்ணையைத் தாண்டி ரேழிக்குள் வந்து நின்றபோதுதான் வீடு பள்ளமாகிவிட்டது என்பது எங்களுக்கு உறைத்தது.

திருவாரூர் தெற்கு வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறோம். பாதாள சாக்கடைக்காக ஒரு முறை, குடிநீர்க் குழாய்க்காக ஒரு முறை, தெருவையே புதிதாகப் போட ஒரு முறை என்று மூன்று தோண்டல்களைப் பார்த்தாயிற்று. இந்த ஊர்ச் சாமிக்கே வீதிவிடங்கர் என்று பெயர். 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் கொண்ட ஆழித்தேர் சுற்றிவர வேண்டியிருப்பதால், தேரோடும் நாலு வீதிகளையும் பங்குனி நெருங்கும்போது அதிகாரிகளே வந்து பார்ப்பார்கள். சந்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சந்தை அங்கே இருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று முறையும் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். தூசியும் சத்தமும் ஆறு மாசத்தில் போய்விடும். மட்டம் முப்பது வருஷம் நிற்கும். நாமோ தூசிக்குச் சண்டை போட்டுக் களைத்துப்போய், மட்டம் தீர்மானமாகும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறோம். கீழே உள்ள பட்டியலை அந்தக் கதவைத் திறக்கத்தான் எழுதினேன்.

1. வேலை தொடங்கும் முன்

செய்ய வேண்டியவை

- தெரு யாருடையது என்று முதலில் கேளுங்கள். ஊரை ஊடறுத்துப் போகும் பெரிய சாலைகள் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. சந்தும் குறுக்குத் தெருவும் நகராட்சியுடையவை. விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னை நம் ஊர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தது சுந்தரருக்கு மட்டுமே வாய்த்தது. ஓர் அலுவலகத்தில் போட்ட மனு இன்னோர் அலுவலகத்தில் நமக்குக் கிடைக்காது.

- நகராட்சிப் பொறியாளரிடமோ ஜே.இ.யிடமோ (இளநிலைப் பொறியாளர்) மூன்றே கேள்வி கேளுங்கள். போடப்போவது தாரா, சிமென்டா, பேவர் பிளாக்கா? பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டுப் போடுகிறீர்களா, மேலேயே போடுகிறீர்களா? எப்போது முடியும்? பதிலைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

- சுவர், தூண், திண்ணை, கழிவுநீர்த் தொட்டி எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துவையுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல்களை அவசியம் எடுக்க வேண்டும். பின்னால் ரோலர் அதிர்ச்சியில் வந்த விரிசல் எது, தாத்தா காலத்து விரிசல் எது என்று பிரித்துக் காட்ட வேறு வழி கிடையாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஓட்டு வீடு இருந்தால், அந்த இடத்தில் ரோலரின் வைப்ரேட்டரை நிறுத்தி ஓட்டச் சொல்லி முன்கூட்டியே கேட்கலாம்.

- தெருவுக்கு அடியில் போக வேண்டியவற்றை வீட்டுக்கு வீடு கேட்டுப் பட்டியல் போடுங்கள்: புதுக் குடிநீர் இணைப்பு, சாக்கடை இணைப்பு, கேபிள். இப்போது தேவையில்லாவிட்டாலும் ஒரு வெறும் பி.வி.சி. குழாயைக் குறுக்கே போட்டு இரண்டு முனையையும் மூடி வைக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலை. நாளைக்குக் கான்கிரீட்டை உடைக்கும் வேலை மிச்சம்.

- வார்டில் ஏரியா சபை நடந்தால் போய் உட்காருங்கள். நாலு பேர் சேர்ந்து சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறினால் அதற்குத் தனி எடை.

செய்யக்கூடாதவை

- "ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னதை நம்பிக் கல்யாணத்துக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ நாள் குறிக்காதீர்கள். வெள்ளையடிப்பையும் தள்ளிப்போடுங்கள்.

- புரட்டாசியில் தோண்ட வந்தால் சும்மா இருக்காதீர்கள். நம் பக்கத்தில் மண்ணைக் கிளற நல்ல காலம் தை அறுப்பு முடிந்ததிலிருந்து, ஜூன் 12ல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும் வரைதான். புரட்டாசியில் வெட்டிய பள்ளம் ஐப்பசியில் குளம்.

2. மட்டம் பார்ப்பது

முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள். காவிரிப் படுகை தட்டையான நிலம். மேட்டு நிலத்து ஊர்களில் தெரு ஒரு சாண் ஏறினால் தண்ணீர் வேறு பக்கம் ஓடிவிடும். இங்கே அதற்கு ஓட இடமில்லை. எந்த வாசல் தாழ்வோ அங்கே ஏறும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று 2021ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். அதை எங்கள் சந்தில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

சாலை உயர்வதன் விளைவு வெள்ளத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அந்தச் சாலையைப் புதுப்பித்தபோது உயரம் கூடியிருந்ததும் காரணங்களில் ஒன்றாக அப்போது பேசப்பட்டது. தெரு ஓர் அடி ஏறினால், தலைக்கு மேல் கம்பி ஓர் அடி இறங்கியதாகத்தான் கணக்கு.

செய்ய வேண்டியவை

- ஒரு கொத்தனாரை அரை நாள் கூலிக்கு டியூப் லெவலோடு வரச் சொல்லுங்கள். கண்ணாடி போல் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பியது, அவ்வளவுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை உங்கள் நிலைப்படியிலும் மறுமுனையைத் தெரு நடுவில் ஒரு கம்பிலும் பிடித்தால், தெரு எத்தனை அங்குலம் கீழே என்று டேப் வைத்து அளந்துவிடலாம். குழாய்க்குள் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழ் இருந்தால் கணக்குத் தப்பும்.

- எல்லா வீட்டுக்கும் அளந்து ஒரே தாளில் எழுதுங்கள். தெருவிலேயே தாழ்ந்த வீடு எது என்று பாருங்கள். அந்த வீட்டுக்குத் தண்ணீர் ஏறாத மட்டம்தான் தெருவுக்குச் சரியான மட்டம். வீட்டு மதிலில் பெயின்டில் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு பேசும்.

- வேலையின் மதிப்பீட்டைக் கேட்டுப் பாருங்கள். தரத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு, 30 நாளில் பதில். எங்கள் தெருவில் மேலேயே போடத்தான் ஜல்லி வந்து இறங்கியது. மேஸ்திரி சொன்னார்: "மேல போட்டாத்தான் சார் ரோடு நிக்கும்." மூன்றாம் வீட்டுத் தாத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "தம்பி, மேல போட்டா ரோடு நிக்கும். எங்க வீட்டுல தண்ணியும் நிக்கும்." மதிப்பீட்டின் நகலை வாங்கிப் பார்த்தால், பழைய தளத்தைப் பெயர்த்தெடுக்க அதிலேயே ஒரு வரியும் அதற்கொரு தொகையும் இருந்தன. மறுநாள் ஜேசிபி வந்தது.

- மட்டத்தோடு வாட்டமும் பாருங்கள். மட்டம் என்பது உயரம், வாட்டம் என்பது தண்ணீர் ஓடும் சரிவு. தெரு நடு சற்று உயர்ந்து இரு ஓரமும் சாய்ந்து, ஓர வடிகாலின் வாட்டம் பெரிய வாய்க்காலை நோக்கி இருக்க வேண்டும். வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு முறை நடந்தே போய்ப் பாருங்கள். முனையில் அடைப்பு என்றால் தெரு எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

செய்யக்கூடாதவை

- தெரு உயர்கிறதே என்று உங்கள் வாசலை மட்டும் தூக்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் வாசலுக்கு வந்த தண்ணீர் அடுத்த வாசலுக்குப் போகும், அவ்வளவுதான். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் யோசனையும் தெரு மட்டம் முடிவாகும் வரை வேண்டாம்.

- வண்டி ஏற்றும் சரிவை வடிகால் மேல் மண்ணும் செங்கல்லும் கொட்டிக் கட்டாதீர்கள். ஒரு வீட்டுச் சரிவு பத்து வீட்டுத் தண்ணீரை நிறுத்தும். தேவையென்றால் தூக்கி எடுக்கக்கூடிய பலகைக்கல்லோ இரும்புக் கிராதியோ போடுங்கள்.

3. தோண்டிக் கிடக்கும் நாட்களில்

செய்ய வேண்டியவை

- பள்ளத்தைக் கடக்கக் கனமான பலகை கேளுங்கள். இரண்டு பக்கமும் ஓர் அடியாவது மண்ணில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாயங்காலமானால் பலகை அருகே வாசல் விளக்கு எரியட்டும். பால்காரரும் பேப்பர் போடும் பையனும் விடிவதற்கு முன்பே வருகிறார்கள்.

- உடம்பு முடியாதவர், நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் வீடுகளைத் தெருவே தெரிந்து வைத்திருக்க வேண்டும். 108 வண்டி தெருமுனையோடு நின்றுவிடும். அதுவரை தூக்கிப்போக ஒரு கைப்பிடி நாற்காலியையும் நாலு பேர் போன் நம்பரையும் தயாராக வையுங்கள். எங்கள் தெருவில் ஓர் இரவு அந்த நாற்காலி தேவைப்பட்டது. இருந்ததால் பிழைத்தோம்.

- காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, தண்ணீர் கேன் எல்லாம் முனையோடு இறங்கும். ஒரு தள்ளுவண்டியைப் பொதுவில் வைத்துக்கொண்டால் வயதானவர்களுக்கு நிம்மதி.

- உடைந்த குழாயைச் சரிசெய்த பிறகு வரும் முதல் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். கலங்கலோ நாற்றமோ இருந்தால் சாக்கடை கலந்திருக்கலாம். உடனே நகராட்சிக்குச் சொல்லிவிட்டு, சரியாகும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். மற்ற நாட்களிலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். சம்ப் மூடியைச் சுற்றித் துணி வைத்து இறுக்குங்கள்.

- காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்துமாக்காரர் இருக்கும் அறை ஜன்னலில் பழைய வேட்டியை நனைத்துக் கட்டுங்கள்.

- வேலை செய்பவர்களுக்கு மோரும் குடிதண்ணீரும் கொடுங்கள். வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் பலர். சித்திரை வெயிலில் குழிக்குள் நிற்கிறார்கள். மட்டத்தை நிர்ணயிப்பது அவர்கள் இல்லை. கேள்வியை மேஸ்திரியிடமும் ஜே.இ.யிடமும் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

- "இந்த ஓரமா போயிடலாம்" என்று பள்ளத்து விளிம்பில் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். நம் வண்டல் மண் மேலே காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருக்கும். எதிர்வீட்டு அக்காவின் வண்டி அப்படித்தான் விளிம்போடு சேர்ந்து இறங்கியது. அக்காவுக்கு முழங்கை, வண்டிக்கு முன்சக்கரம்.

- தண்ணீர் நிற்கும் குழியருகே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் ஊர் இது. மழை இல்லாமலேயே குழி நிரம்பும், ஆழமும் தெரியாது.

- குப்பையையும் வீட்டுக் கழிவுநீரையும் பள்ளத்தில் விடாதீர்கள்.

- அடைத்த சாக்கடைத் தொட்டிக்குள் யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள், எவ்வளவு பணம் கொடுத்தாலும் சரி. விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இயந்திர வண்டிக்குத்தான் சொல்ல வேண்டும்.

- வெளியே தெரியும் மின்கேபிளை நகர்த்தாதீர்கள், மண் தள்ளி மூடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்கள்.

4. நடுவில் மழை பிடித்தால்

செய்ய வேண்டியவை: மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கச் சொல்லுங்கள். தெளிந்து நிற்கும் தண்ணீர்தான் டெங்குக் கொசுவுக்குப் பிடித்த இடம், ஆகவே ஒரு வாரம் நிற்க விடக்கூடாது. மணல் மூட்டை கிடைத்தால் தாழ்ந்த வீட்டு வாசலுக்கு முதலில் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை: தண்ணீர் வடியட்டும் என்று பாதாள சாக்கடைத் தொட்டி மூடியைத் திறந்துவிடாதீர்கள். மழைத் தண்ணீர் உள்ளே போனால் சாக்கடை எதிர்த்து வந்து கழிப்பறை வழியாக வீட்டுக்குள் ஏறும். திறந்த மூடி தண்ணீருக்கடியில் தெரியாமல் போவது அதைவிடப் பெரிய ஆபத்து. மொட்டை மாடி மழைநீர்க் குழாயையும் சாக்கடை இணைப்பில் சேர்க்காதீர்கள்.

5. தெரு போடும் நாளில்

செய்ய வேண்டியவை

- குழாய்ப் பள்ளத்தை மூடும்போது கூடவே நில்லுங்கள். மண்ணை ஒரேயடியாகத் தள்ளி மூடினால் அடுத்த மழையில் அது உட்காரும். மேலே போட்ட சாலையும் கூடவே உட்காரும். கொஞ்சம் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து, மறுபடி போடுவதுதான் முறை.

- சிமென்ட் சாலை என்றால் தளத்தின் மேல் சின்னச் சின்ன வரப்புக் கட்டி, நாற்றங்கால் மாதிரி தண்ணீர் நிறுத்துவார்கள். அந்தத் தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரம் காக்க வேண்டும். முழு வலு சேர 28 நாள் ஆகும். ஆள் வராத நாளில் நீங்களே ஒரு குடம் ஊற்றினால் குறைந்துபோக மாட்டீர்கள்.

- பேவர் பிளாக் என்றால் ஓரக்கல் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஓரம் விட்டால் கற்கள் ஒவ்வொன்றாக நழுவும். அடியில் பரப்பிய மணல் சீராக இருக்க வேண்டும்.

- சாக்கடைத் தொட்டி மூடி புதுத் தெருவின் மட்டத்துக்கு வந்திருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். பள்ளமாக நின்றாலும் மேடாக நின்றாலும் இரவில் ஒரு பைக் விழும்.

செய்யக்கூடாதவை

- "எங்க வாசல்ல மட்டும் வழவழன்னு பூசிடுங்க" என்று கேட்காதீர்கள். துடைப்பம் இழுத்த கோடுகள் அழகுக் குறைவு இல்லை, மழையில் கால் வழுக்காமல் இருக்கத்தான்.

- கலவையை இளக்கமாக்கத் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தண்ணீர் கூடினால் வலு குறையும்.

- ஈரத் தளத்தில் வண்டி ஏற்றாதீர்கள். இதைச் சொல்லியும் ஏற்றியவர் சக்கரத் தடம் எங்கள் சந்தில் கல்வெட்டாகவே இருக்கிறது. யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

- அவசரப்பட்டு நெல், உளுந்து காயப் போடாதீர்கள்.

6. முடிந்த பின்

செய்ய வேண்டியவை

- பத்துக் குடம் தண்ணீரைத் தெருவின் தலைப்பில் ஊற்றி எங்கே போகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டுப் படம் எடுங்கள். பிறகு டியூப் லெவலால் திரும்ப ஒரு முறை அளந்து பழைய தாளோடு ஒப்பிடுங்கள்.

- ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்று கேட்டு எழுதிவையுங்கள். அதற்குள் பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். முதல் மழை முடிந்த கையோடு ஒரு முறை நடந்து பார்த்துக் குறைகளை எழுத்தில் கொடுங்கள்.

- கன்றை இழந்த பசு மணியை ஆட்டியதும் மனுநீதிச் சோழன் இறங்கி வந்தான் என்பது நம் ஊர்க் கதை. இப்போது மணிக்குப் பதில் மனு எண். நகராட்சியில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100க்குப் பேசலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் படம், அளவுத் தாள், தேதி மூன்றும் கையில் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

- புதுத் தெருவை அனுமதி இல்லாமல் வெட்டாதீர்கள். மறந்துபோன ஒரு குழாய்க்காக ஒரு வெட்டு, அதில் இறங்கும் தண்ணீர், அதைச் சுற்றிப் பெயரும் தளம்: ஒரு தெரு சாவது இப்படித்தான்.

- "நமக்கென்ன, நம்ம வீட்டுக்குத் தண்ணி வரல" என்று தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த முறை தோண்ட வரும்போது இருக்கப்போகிறவர்களுக்கு அந்த அளவுகள் வேண்டும். எங்கள் தாள் இப்போது தெருமுனை மளிகைக் கடையில், நாட்காட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த ஜேசிபி எங்கள் வாசலில் பழைய தளத்தைப் பெயர்த்த அன்று, மண்ணோடு மண்ணாக ஒரு கருங்கல் விளிம்பு தெரிந்தது. கூலியாள் கடப்பாரையைப் போட்டு நெம்பப் போனார். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து தடுத்தாள். அது எங்கள் மூன்றாவது படி. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தாள். மேல் முனையில் ஒரு சின்ன உடைவு இருந்தது. "நீ இரும்புச் சட்டி போட்டு உடைச்சது" என்றாள். எனக்கு ஞாபகமில்லை.

தெரு அந்தப் படிக்குக் கீழேயே போடப்பட்டது. இன்னும் இரண்டு படி அடியில் இருக்கின்றன.